சமுதாயக்கூடத்துச் சாவி

ஜூலை 3, வியாழன்

ஊராட்சி கிளார்க் ஞானதுரை இன்று காலையில் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அம்மா இருக்காவளா?" என்று கேட்டான். நான் எதிரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். நாலு வருஷமாக இந்த வீட்டு வாசலில் அவன் கேட்கிற கேள்வி "அண்ணாச்சி இருக்காவளா" என்பதுதான். இன்றைக்கு என் மனைவியைத் தேடுகிறான், அம்மாவாம்.

"என்னடே விஷயம்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அம்மாகிட்ட ஒரு தகவல் சொல்லணும்."

ஒன்றுமில்லாத தகவலைச் சொல்ல ஒருவன் வேகாத வெயிலில் சைக்கிள் மிதித்து வருவானா? என்னிடம் சொல்லாமல் நகர விடுவதில்லை என்று பிடித்துக்கொண்டேன். கடைசியில் கக்கினான். அரசாங்கம் புதிதாக ஒரு ஆணை போட்டிருக்கிறதாம். சும்மா கிடக்கிற ஊராட்சிக் கட்டடங்களைச் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடலாம். தொழில் தொடங்க அனுமதியையும் ஊராட்சியே கொடுத்துவிடலாம், தென்காசிக்கு நடையாய் நடக்க வேண்டாம். வேலை மட்டும் உள்ளூர்க்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். இன்னொன்றையும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இனிமேல் பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் பெண் தலைவர்கள் நேரில்தான் வர வேண்டும். வீட்டுக்காரர்கள் வரக் கூடாது.

நாட்டில் வேலைவாய்ப்பு பெருகுவதற்கும் நான் வீட்டில் கிடப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது விளக்கினால் தேவலை.

நெடுஞ்செவல் ஊராட்சித் தலைவர் என் மனைவி முப்பிடாதி. பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்பதால் அவள் பெயரில் நின்றோம், ஜெயித்தோம். பெயர்ப் பலகையில் அவள் பெயர், பாரமெல்லாம் என் தலையில். கிராம சபையை நடத்துவதும் நான்தான். பெண்கள் அங்கே வருகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. முந்தின நாளே ஞானதுரை வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கையெழுத்து வாங்கி வந்துவிடுவான். யாருக்கும் சிரமமில்லை.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற காரியத்தில் எவனோ கையை வைக்கிறான்.

ஜூலை 7, திங்கள்

முப்பிடாதி தனியாகத் தென்காசிக்குப் போனாள். பைக்கில் கொண்டு விடுகிறேன் என்றேன். "பஸ்ஸு இருக்குல்லா" என்று சொல்லிவிட்டாள். புதுச் சேலை. பயிற்சிக்குப் போகிறவளுக்கு எதற்குப் புதுச் சேலை?

கல்யாண வீட்டிலிருந்து சேர்கள் திரும்பி வந்தன. நாலு சேரில் கால் உடைந்திருந்தது. கேட்டால் ஏற்கெனவே உடைந்திருந்தது என்கிறார்கள். எல்லாவற்றையும் துடைத்துச் சமுதாயக்கூடத்தில் அடுக்கினேன். நான் பந்தல், சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன். ஊரில் எல்லோரும் கல்யாணத்துக்கு டவுனில் ஏசி மண்டபம் தேடிப் போகிறார்கள், கூடத்தைச் சீந்துவாரில்லை. பூட்டியே கிடந்தால் கட்டடம் பாழாகிவிடும். அதனால் என் சாமான்களை அங்கே வைத்திருக்கிறேன். பூட்டு என்னுடையது, சாவியும் என்னிடம்தான். ஊருக்கு நான் செய்கிற உபகாரம் அது. என்னிடம் வாடகை கேட்கிற அளவுக்கு இந்த ஊரில் நன்றி கெட்டவர்கள் யாரும் இல்லை.

சாயங்காலம் திரும்பி வந்தவள் காபியைக்கூடக் குடிக்காமல், "கூடத்த வாடகைக்கு விடலாம்னு சொல்லுதாவ" என்றாள்.

"எந்தக் கூடத்த?"

"நம்மூர்ல எத்தன கூடம் இருக்கு?"

இப்படி என்னைத் திருப்பிக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒரே நாள் பயிற்சியில் இதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போல.

ஜூலை 10, வியாழன்

மழை. ஷாமியானா காயவில்லை. முப்பிடாதி போனில் யாருடனோ சிரித்துச் சிரித்துப் பேசினாள்.

ஜூலை 15, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி மேடம் காரில் வந்து இறங்கினாள். காருக்குள்ளே ஓடுகிற வயர்களை அளந்து வெட்டிக் கட்டுக்கட்டாகப் பின்னுகிற கம்பெனியாம். எண்பது பெண்களுக்கு வேலை, வெயிலில் நிற்க வேண்டாம், உட்கார்ந்தே செய்யலாம் என்கிறார்கள். இவ்வளவு நல்ல வேலையை இந்தச் செம்மண் காட்டில் கொண்டுவந்து கொட்ட அவர்களுக்கு என்ன வேண்டுதலோ தெரியவில்லை.

கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். சாவியைக் காணவில்லை என்றேன். முப்பிடாதி என் இடுப்பைப் பார்த்தாள். அரைஞாண் கயிற்றில் சாவி தொங்குவது அவளுக்குத் தெரியும். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. மேடம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "உள்ள நெறையச் சாமான் இருக்கே, யாரோடது?" என்று கேட்டாள்.

"ஊர்ச் சாமான்" என்றான் ஞானதுரை. இவன் என்னைக் காப்பாற்றினானா மாட்டிவிட்டானா என்று இரண்டு மணி நேரம் யோசித்தும் பிடிபடவில்லை.

வேறு இடம் இல்லாமலா? என் சித்தப்பா மகனுக்கு மெயின் ரோட்டில் ஷெட் இருக்கிறது, அங்கே போகலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அது தனியார் இடம், வாடகை அதிகம், ஊராட்சிக்கு ஒன்றும் வராது என்று முப்பிடாதி ஒப்பித்தாள். மேடம் தலையை ஆட்டினாள். இரண்டு பேரும் முன்பே பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

ஆடி பிறந்துவிட்டதால் கல்யாணம் இல்லை, கோயில் கொடைத் திருவிழாக்கள்தான். வடக்குத் தெரு அம்மன் கோயிலுக்குப் பந்தல் போட்டுவிட்டு வந்தேன்.

மகள் இந்துஜாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறதாம். எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. கம்பெனி ஹாஸ்டலில் தங்க வேண்டும், செப்டம்பர் ஒன்றாம் தேதி சேர வேண்டும் என்று ஒரு தாளைக் காட்டினாள்.

"அவ்ளோ தூரமெல்லாம் வேண்டாம்" என்றேன்.

"எனக்கும் போக இஷ்டமில்லப்பா. இங்க கம்பெனி வந்தா சூப்பர்வைசர் வேல தாரேன்னு அந்த மேடம் சொல்லியிருக்காவ. ஆகஸ்டு கடைசிக்குள்ள கூடம் ரெடியாகி மிஷின் போட்டாத்தான் வேலைக்கு ஆர்டர் குடுப்பாவளாம். அது கெடச்சா நான் ஏன் ஓசூர் போறேன்?"

அவள் அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றதை நான் கவனித்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாவியை வாங்க அம்மாவும் மகளும் சேர்ந்து போடுகிற நாடகம் இது. பிள்ளை ஊரைவிட்டுப் போய்விடும் என்றால் இந்த மனுஷன் இறங்கி வந்துவிடுவான் என்று கணக்கு. தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கலர் முத்திரையெல்லாம் இருக்கிறது. ஞானதுரை வீட்டில் கலர் பிரிண்டர் இருப்பது எனக்குத் தெரியாதா?

"பாப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஊருக்கு எச்சரிக்கை செய்வது என் கடமை. டீக்கடையில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரிப் பேசினேன். ஒன்று, உள்ளூர்ப் பிள்ளைகளை ஆறு மாசம் வைத்திருந்துவிட்டு வடநாட்டு ஆட்களை இறக்கிவிடுவார்கள். இரண்டு, பெண் பிள்ளைகளை ராத்திரி ஷிப்டு பார்க்கச் சொல்வார்கள். மூன்று, ஊர்த் தண்ணீரையெல்லாம் கம்பெனி உறிஞ்சிவிடும்.

"வயர் கட்டுறதுக்கு எதுக்கு அண்ணாச்சி தண்ணி?" என்றான் டீ மாஸ்டர்.

"அதத்தான் நானும் கேக்கேன்" என்றேன். எல்லோரும் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பேச்சு நன்றாகப் பரவியிருக்கிறது. குழாயடியில் பேச்சித்தாய் மற்ற பெண்களிடம் ராத்திரி ஷிப்டைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் இப்போது விடிவதற்குள் வேன் ஏறிப் போய் நூற்பு மில்லில் வேலை பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள். அவள் வாய்க்குள் ஒரு விஷயம் போனால் ஊர் முழுக்கப் போன மாதிரிதான். பதினைந்தாம் தேதி கிராம சபையில், கூடத்தை வாடகைக்கு விடுகிற தீர்மானம் தோற்றுவிடும்.

முப்பிடாதி முகத்தில் ஒரு கவலையும் இல்லை. உளுந்தவடை சுட்டாள். எனக்கு இரண்டு வடை கூடுதலாக வைத்தாள். ஏன் வைத்தாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

எழுதுகிற பேனா தாளைக் கிழிக்கிறது. கோபம்தான், வேறொன்றுமில்லை.

கிராம சபைக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் இருவர் இல்லை, தெருத்தெருவாக வந்தார்கள். கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்து முடிப்பதற்குள் பள்ளிக்கூட மைதானம் நிறைந்துவிட்டது. என்னடா இது என்று பக்கத்தில் நின்றவனிடம் கேட்டேன். "நீங்க கெளப்பிவிட்ட சமாச்சாரத்துக்குத்தான் அண்ணாச்சி. நேர்ல கேட்டுப்புடணும்னு வந்திருக்காவ" என்கிறான்.

நான் வழக்கம்போல மேடைக்குப் போனேன். பிடிஓ ஆபீசிலிருந்து வந்த அதிகாரி, "சார், தலைவர் உக்காரட்டும்" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "ரெண்டு பேரும் ஒண்ணுதான் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கினேன். இறங்குகிற இடத்தில் ஒரு கல் காலை இடறியது. இதுவரை அந்த மைதானத்தில் கல் கிடந்து நான் பார்த்ததில்லை.

பேச்சித்தாய் எழுந்தாள். "தலைவரம்மா, ஆறு மாசத்துல எங்கள வெரட்டிட்டு வெளியாளக் கொண்டாந்துருவாவளாமே, நெசமா?"

முப்பிடாதி மைக்கைப் பிடித்தாள். அவள் மைக்கில் பேசி நான் கேட்டதே இல்லை. முதலில் குரல் கொஞ்சம் பிசிறியது. "அந்தச் சந்தேகம் எங்க வீட்டுலயே ஒருத்தருக்கு வந்துச்சு. அதனாலதான் முன்கூட்டியே கேட்டு வச்சேன். நூத்துக்குத் தொண்ணூறு பேர் நம்மூர்க்காரங்களா இல்லன்னா கூடத்தக் காலி பண்ணணும். ஒப்பந்தத்துலயே போட்டாச்சு."

"ராத்திரி ஷிப்டு?"

"அதுவும் எங்க வீட்டுச் சந்தேகந்தான். ஆறு மணிக்கு மேல வேல கெடையாதுன்னு எழுதி வாங்கியாச்சு. தண்ணிக்குத் தனி மீட்டர்."

பெண்கள் கைதட்டினார்கள். "எங்க வீட்டுக்காரவ இவ்ளோ சந்தேகப்படலன்னா எனக்கு இதெல்லாம் கேக்கத் தோணியிருக்காது" என்றும் சொன்னாள். மறுபடியும் கைதட்டல். பாராட்டினாளா, கேலி செய்தாளா? வீட்டுக்கு வந்த பிறகும் அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது.

தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஒரு வாரத்துக்குள் கூடத்தைக் காலி செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆவணி முகூர்த்தம் வரிசையாக நிற்கிறது. இந்த நேரத்தில் சாமான்களை எங்கே கொண்டு வைப்பது? மாசக் கடைசிவரை பொறுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இந்துஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சின்ன வயதில் ஏதாவது வேண்டுமென்றால் என் கைவிரலைப் பிடித்து நெட்டி முறிப்பாள். இன்றும் முறித்தாள்.

"ப்பா, மிஷின் மாட்டுறதுக்கு ஒரு வாரமாச்சும் வேணுமாம். இந்த வெள்ளிக்குள்ள சாவியக் குடுத்தாத்தான் முப்பதாந்தேதிக்குள்ள முடியும். எனக்காகக் குடுங்கப்பா. எனக்கு ஓசூர் வேண்டாம்."

கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு நிமிஷம் என் கை சாவியைத் தொட்டுவிட்டது. அப்போதுதான் வாசல் பக்கம் முப்பிடாதி நிற்பதைப் பார்த்தேன். நான் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். நல்லவேளை, இல்லாவிட்டால் ஏமாந்திருப்பேன்.

"முகூர்த்தம் முடியட்டும்" என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சாவி கொடுக்கவில்லை. இந்துஜா மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்க்காத மாதிரிப் பார்த்தேன். நன்றாகத்தான் நடிக்கிறாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

என் பூட்டை உடைத்துவிட்டார்கள். திருட்டுத்தனமாக அல்ல, பட்டப்பகலில், நான் கல்யாண வீட்டில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தபோது. ஊராட்சித் தலைவர் முன்னால் நின்று வெல்டிங் பட்டறைக்காரனை வைத்து அறுத்திருக்கிறார். அந்த ஊராட்சித் தலைவர்தான் மத்தியானம் எனக்குச் சோறு போட்டார்.

சாமான்களையெல்லாம் எங்கள் வீட்டுப் பின்பக்கம் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். ஒரு கரண்டிகூடக் குறையவில்லை, சரிபார்த்தேன். கால் உடைந்த சேர்களைத் தனியாக வைத்திருந்தார்கள்.

"எனக்குத் தெரியாம பூட்ட ஒடைக்கிற அளவுக்கு வந்துட்டியா நீ?" என்று கத்தினேன்.

"நாலு நாளு முன்னாடியே ஒடைச்சிருக்கணும்" என்றாள். "நீங்களே குடுத்துருவிய, பிள்ளைக்காகக் குடுத்துருவியன்னு பாத்துட்டே இருந்தேன்." பிறகு ரசத்தை என் பக்கம் தள்ளிவைத்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மிஷின் ஏற்றிய லாரி இன்னும் வரவில்லை. கூடம் காலியான தகவல் போன பிறகுதான் மிஷினை ஏற்றவே ஆரம்பித்தார்களாம். ஞாயிற்றுக்கிழமைதான் வருமாம், மாட்டி முடிக்கப் பத்து நாளாகுமாம். அதுவரை யாருக்கும் ஆர்டர் கிடையாது. ஓசூர்க்காரர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டார்களாம், அங்கே விட்டால் இங்கேயும் நிச்சயமில்லை என்று இந்துஜா சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. அவள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

பெட்டி அடுக்குகிறாள். போர்வை, பிளாஸ்டிக் வாளி, ஊறுகாய் பாட்டில் எல்லாம் எடுத்து வைக்கிறாள். நாடகத்துக்கு வாளி எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. நம்புகிற மாதிரி இருக்க வேண்டுமே, அதற்குத்தான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மத்தியானம் இரண்டு மணி பஸ். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "போயிட்டு வாரேன்ப்பா" என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சரி என்றேன். முப்பிடாதிதான் நிறுத்தம் வரை போனாள். இருவரும் தெருமுனை திரும்பியதும் பைக்கை எடுத்தேன். இவள் எந்த நிறுத்தத்தில் இறங்குகிறாள் என்று கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

பஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போனேன். மெயின் ரோட்டில் சேருகிற ஊர் விலக்கில் பஸ் நின்றது. அவள் இறங்கவில்லை. அடுத்தது ரைஸ்மில் நிறுத்தம், ஞானதுரை வீடு அங்கேதான். அங்கேதான் இறக்கி இரண்டு நாள் வைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். பார்த்தால் ஞானதுரை நிறுத்தத்திலேயே நிற்கிறான்! பைக்கை ஓரமாக நிறுத்தினேன். பஸ்ஸிலிருந்து வயசான இரண்டு பேர் இறங்கினார்கள். ஞானதுரை கையில் தயிர் பாக்கெட்டோடு திரும்பி நடந்தான்.

அதற்கப்புறம் எங்கே என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் பின்னாலேயே போனேன். இறங்கிவிடு என்று என்னையறியாமல் சொல்லிக்கொண்டே போனேன் போலிருக்கிறது. பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். வாளியை ஒரு கையிலும் பெட்டியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஒரு பெரிய பஸ் பக்கம் போனாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று பஸ்ஸின் போர்டைப் படித்தேன். ஓசூர் என்றுதான் எழுதியிருந்தது. கண்டக்டரிடமும் போய்க் கேட்டேன். ஓசூர்தான். வேறெங்கும் போகாதா என்று கேட்டேன். அந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

அப்போது அவள் என்னைப் பார்த்துவிட்டாள். "அப்பா!" என்று ஓடி வந்தாள். அத்தனை பேர் நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வர மாட்டியன்னு நெனச்சேன்ப்பா. கோவத்துல இருக்கியன்னு அம்மா சொன்னாவ."

"அதெப்படி வராம இருப்பேன்" என்றேன்.

வாழைப்பழமும் பன்னும் தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியை மேலே ஏற்றி வைத்தேன். "அம்மாகிட்ட சண்ட போடாதிய" என்றாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் விரல் ஒவ்வொன்றையும் பிடித்து நெட்டி முறித்தாள். சுண்டுவிரலுக்கு வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வர எனக்கு ரொம்ப நேரமானது.

வீட்டுக்கு வந்ததும் முப்பிடாதி, "வழியனுப்பப் போனியளாமே, பிள்ள போன் பண்ணிச் சொல்லி அழுதா. ஒரே சந்தோஷம் அவளுக்கு" என்றாள். நான் ஆமாம் என்றேன். என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்னவோ.

சாப்பிடும்போது அவளே சொன்னாள். மிஷின் வந்து இறங்கிவிட்டதாம். பதினைந்தாம் தேதி வேலை தொடங்குகிறதாம். சூப்பர்வைசராகப் பேச்சித்தாய் மகளைப் போடப் போகிறார்களாம்.

அந்தப் பிள்ளை இந்துஜாவோடு ஒரே வகுப்பில் படித்தவள்தான், நல்ல பிள்ளை. கூடத்திலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். என் பிள்ளை மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டுப் போயிருக்கலாம்.